புதுக் கிளப்புக்குச் சலுகை. நம் பையனுக்குப் பெஞ்சா?

கடைத்தெருவில் புதிதாகக் கடை திறப்பவனுக்கு முதல் வருடம் கைகொடுக்க வேண்டும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. வாடகையைக் கொஞ்சம் பொறுத்து வாங்கலாம். மொத்த வியாபாரி சரக்கைக் கடனுக்குத் தரலாம். ஆனால் "நீ புதியவன், ஆகவே உனக்கு மட்டும் வேறு படிக்கல்" என்று யாராவது சொன்னால் அந்தக் கடைத்தெரு ஏற்றுக்கொள்ளுமா? தராசு எல்லோருக்கும் ஒன்றுதான். அதில் சலுகை கிடையாது.

இந்தியக் கால்பந்தில் பல ஆண்டுகள் நடந்தது இந்த வேறு படிக்கல் வியாபாரம்தான்.

புதிய கிளப்புகளுக்கு எத்தனை வெளிநாட்டு ஆட்டக்காரர்களை அனுமதிப்பது என்பது விளையாட்டுப் பக்கத்துச் செய்தி மட்டும்தானே என்று சிலர் நினைக்கலாம். அப்படியல்ல. ஓர் அணியில் ஆடுவது 11 பேர். அதில் 6 இடம் வெளிநாட்டவருக்கு என்றால் மிச்சம் 5. அந்த 5 இடத்துக்குத்தான் மலப்புரத்துப் பையனும், வியாசர்பாடிப் பையனும், மணிப்பூர்ப் பையனும் போட்டி போட வேண்டும். இது பிழைப்புப் பிரச்சினை. பத்து வயதில் பந்தைத் தொட்ட ஒரு பையனின் இருபது வருட உழைப்பு சம்பந்தப்பட்ட பிரச்சினை.

ஒரே நாடு, இரண்டு அளவுகோல்!

2014 அக்டோபரில் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. 8 அணிகள். எட்டும் புத்தம் புதியவை. டெல்லிக்கு இத்தாலியின் டெல் பியரோ வந்தார். கோவாவுக்குப் பிரான்சின் பிரஸ் வந்தார். சென்னைக்கு மாட்டெராசியும் பிரேசிலின் எலானோவும் வந்தார்கள். விளம்பரம் தூள் பறந்தது. மைதானங்கள் நிரம்பின.

அந்தப் புதிய அணிகளுக்குத் தரப்பட்ட விதி என்ன? ஆடும் 11 பேரில் குறைந்தது 5 பேர் இந்தியர்களாக இருந்தால் போதும். அதாவது 6 வெளிநாட்டவர் ஆடலாம்.

அதே காலத்தில் 2007 முதல் நடந்து வந்த ஐ லீக்கில் பழைய கிளப்புகள் ஆடிக்கொண்டிருந்தன. கொல்கத்தாவின் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், கோவாவின் டெம்போ, சல்கோகர் என்று தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரர்களை உருவாக்கியவை. அவற்றுக்கு 4 வெளிநாட்டவர்தான். அதிலும் ஒருவர் ஆசியாவைச் சேர்ந்தவர். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் வைத்திருந்த '3+1' விதியும் அதுதான்.

ஒரே நாடு. ஒரே கால்பந்து சம்மேளனம். நேற்று வந்தவருக்கு 6, நூறு வருடம் ஆடியவருக்கு 4! "புதிய அணிகள், ரசிகர்களைக் கவர வேண்டும், ஆகவே கூடுதல்" என்று காரணம் சொன்னார்கள். இந்தக் காரணத்தில் உண்மையே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் அதன் விலையை யார் கொடுத்தது?

2016-ல் டெம்போ, சல்கோகர், ஸ்போர்டிங் ஆகிய மூன்று கோவா கிளப்புகளும் ஐ லீக்கை விட்டு விலகின. புதிய லீக்கை மேலே தூக்கிப் பழைய லீக்கைக் கீழே தள்ளும் திட்டத்தை அவை ஏற்கவில்லை. வெளிநாட்டவர் எண்ணிக்கை மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்வது சரியாகாது. ஆனால் புதியவனை வளர்ப்பதற்காகப் பழையவனை வாட்டும் போக்கின் ஓர் அங்கமாக அந்த எண்ணிக்கையும் இருந்தது.

கோல் அடிக்கும் இடம் யாருடையது?

எண்ணிக்கை 6 என்பதைவிடக் கொடுமை, அந்த 6 பேர் எங்கே நின்றார்கள் என்பது. பணம் கொடுத்து வெளிநாட்டிலிருந்து ஆளை வரவழைக்கும் முதலாளி அவரை ஓரத்திலா நிறுத்துவார்? முன்களத்தின் நடுவில் ஒருவர், நடுக்களத்தில் இருவர், தற்காப்பின் நடுவில் இருவர் என்று அணியின் முதுகெலும்பு முழுவதும் வெளிநாட்டவர் கைக்குப் போனது. நம் பையன்களுக்கு மிஞ்சியது பக்கவாட்டு இடங்கள்.

இதன் பலனைக் கணக்கெடுத்துப் பாருங்கள். 2014-ல் அதிக கோல் அடித்தவர் எலானோ. 2015-ல் கொலம்பியாவின் மெண்டோசா. 2016-ல் பிரேசிலின் மார்செலினோ. அடுத்த இரண்டு பருவங்களிலும் ஸ்பெயினின் கோரோ. 2024-25-ல் மொராக்கோவின் அஜராய், 23 கோல். முதல் 11 பருவங்களில் அதிக கோல் அடித்தவருக்கான பரிசை ஓர் இந்தியர்கூட வாங்கவில்லை!

அந்த 2024-25 பருவத்தில் இந்தியர்களில் அதிக கோல் அடித்தவர் யார்? 40 வயது சுனில் சேத்ரி, 14 கோல். 2024 ஜூன் 6-ம் தேதி கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிராக ஆடி, தேசிய அணியிலிருந்து விடைபெற்றவர். 2025 மார்ச்சில் அவரையே திரும்ப அழைக்க வேண்டி வந்தது. வந்த முதல் ஆட்டத்திலேயே மாலத்தீவுக்கு எதிராகக் கோல் அடித்தார். அவருக்குப் பாராட்டு. ஆனால் நூற்று நாற்பது கோடி மக்கள் கொண்ட நாடு, ஓய்வு பெற்றவர் வீட்டுக் கதவைத் தட்டியது பெருமைக்குரிய செய்தியா? அதே ஆண்டு அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்றோம். 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை.

முன்களத்தில் நின்று பழகாதவன் திடீரென்று நாட்டுக்காகக் கோல் அடிக்க முடியாது. கடையில் கல்லாப் பக்கமே விடாமல் வளர்த்த மகனிடம் ஒரு நாள் கடைச் சாவியைக் கொடுத்தால் என்ன நடக்குமோ, அதுதான் நடக்கும்.

தவறு புரிந்துதான் விதியைத் திருத்தினார்கள். 2017-18-ல் 6 என்பது 5 ஆனது. 2021-22 முதல் 4 ஆனது. தேசிய அணியின் பயிற்சியாளராக இருந்த ஸ்டிமாச், எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி வெளிப்படையாகவே குரல் கொடுத்தார். ஆனால் 6-லிருந்து 4-க்கு வர ஏழு வருடம் ஆயிற்று. ஏழு வருடம் என்பது ஓர் ஆட்டக்காரனின் பாதி ஆயுள்.

வெளியார் வேண்டாம் என்பதா நம் வாதம்?

இல்லவே இல்லை. அப்படிச் சொல்ல நமக்குத் தகுதியும் இல்லை. வரலாறு வேறு விதமாக இருக்கிறது.

1891-ல் தொடங்கிய கொல்கத்தா முகமதன் ஸ்போர்டிங் கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1934-ல் கல்கத்தா லீக்கின் முதல் டிவிஷனுக்குப் புதிதாக நுழைந்தது. நுழைந்த அந்த வருடமே பட்டத்தைத் தட்டியது! அதுவரை வெள்ளைக்காரர்களின் அணிகளே வென்று வந்த லீக்கில் பட்டம் வென்ற முதல் இந்திய அணி அது. 1938 வரை ஐந்து வருடம் தொடர்ந்து சாம்பியன். 1940-ல் டூரண்ட் கோப்பையை வென்ற முதல் இந்திய அணியும் அதுவே.

அந்தச் சாதனையைக் கொல்கத்தாக்காரர்கள் மட்டும் செய்துவிடவில்லை. பெங்களூர் முதல் குவெட்டா வரை தேடி ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்தார்கள். அன்றைய கணக்கில் அவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள். 1980-களில் நைஜீரியாவின் சீமா ஒகோரி இந்தியாவில் கால் பதித்ததும் இதே முகமதன் கிளப்பில்தான். அலிகரில் படிக்க வந்த ஈரான் மாணவர்கள் மஜித் பஸ்கரும் ஜம்ஷித் நாசிரியும் கொல்கத்தா மைதானங்களைக் கலக்கினார்கள். மலப்புரத்துச் செவன்ஸ் பந்தயங்களில் ஆப்பிரிக்க ஆட்டக்காரனைத் தோளில் தூக்கிக் கொண்டாடும் ஜனங்கள் நம் ஜனங்கள்தான்.

நல்ல வெளிநாட்டு ஆட்டக்காரன் கூட ஆடும் பையனுக்கு வாத்தியார் மாதிரி. ஒரு வகுப்புக்கு ஒரு வாத்தியார் வேண்டும், இரண்டு பேர் வேண்டும். பெஞ்சு முழுவதும் வாத்தியார்களே உட்கார்ந்துகொண்டால் பையன் எங்கே உட்காருவது?

கோவை மைதானத்தில் நடந்ததைப் பாருங்கள். சென்னை சிட்டி என்ற புதிய கிளப் 2016-17-ல் ஐ லீக்கில் நேரடியாகச் சேர்க்கப்பட்டது. பணபலத்தில் கொல்கத்தா அணிகளின் பக்கத்தில்கூட நிற்க முடியாத அணி. 2018-19-ல் அது சாம்பியன் ஆனது. கடைசி நாளில் கோவையில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஈஸ்ட் பெங்காலை முந்தியது. பயிற்சியாளர் சிங்கப்பூர் அக்பர் நவாஸ். ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்த நால்வரைத் தேடிப் பிடித்து வந்தார்கள். அவர்களில் பெட்ரோ மான்சி 21 கோல் அடித்தார். அந்த நால்வருடன் எட்வின் சிட்னி வன்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்ப் பையன்கள் சேர்ந்து ஆடினார்கள். பிறகு இருவரும் சூப்பர் லீக் அணிகளுக்குப் போனார்கள்.

எண்ணிக்கையில் தனிச் சலுகை எதுவும் வாங்கி ஜெயித்த அணியில்லை அது. எல்லோருக்கும் இருந்த அதே விதியில், ஆளைத் தேர்ந்தெடுத்த விதத்தில் ஜெயித்த அணி. சில ஆண்டுகளிலேயே அந்தக் கிளப் ஐ லீக்கில் இல்லாமல் போனது வேறு சோகம். வெளிநாட்டவர் சலுகை எதுவும் அதைக் காப்பாற்றியிருக்க முடியாது.

ஏழைக் கிளப்புக்கு இது சலுகையே இல்லை!

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். "புதிய கிளப் பாவம், கூட இரண்டு வெளிநாட்டவரை வைத்துக்கொள்ளட்டும்" என்று பரிந்து பேசுபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். வெளிநாட்டவர் சும்மா வருவதில்லை. சம்பளம், வீடு, விமானச் செலவு, ஏஜெண்டுக்குக் கமிஷன் எல்லாம் உண்டு. ஆக இந்தச் சலுகையைப் பயன்படுத்த முடிந்தவன் யார்? பணம் உள்ள புதியவன். பணம் இல்லாத புதியவனுக்கு இது காகிதத்தில் எழுதிய சர்க்கரை.

மீண்டும் முகமதன் கிளப்பையே பாருங்கள். 2023-24 ஐ லீக் பட்டத்தை வென்று, 2024-25-ல் சூப்பர் லீக்குக்கு உயர்ந்தது. 133 வயதுக் கிளப், அந்த லீக்கில் புதுமுகம்! மற்றவர்களுக்கு இருந்த அதே விதிதான் அதற்கும்: களத்தில் 4 வெளிநாட்டவர். 13 அணிகளில் கடைசி இடத்தில் முடித்தது. பருவம் முழுவதும் இரண்டே வெற்றி. ஒன்று சென்னையில் வந்தது. கோல் அடித்தது லால்ரெம்சங்கா என்ற நம் நாட்டுப் பையன். மற்றது பெங்களூரில், அடித்தது உஸ்பெகிஸ்தானின் காசிமோவ்.

அந்த அணி தவித்தது 4 வெளிநாட்டவர் போதாததாலா? சம்பளப் பாக்கிச் செய்திகள் பருவம் முழுக்க வந்துகொண்டிருந்தன. ரஷ்யப் பயிற்சியாளர் பாதியிலேயே விலகிப் போனார். இருக்கிறவர்களுக்கே சம்பளம் கொடுக்கத் திணறிய கிளப்புக்கு "இன்னும் இரண்டு வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்" என்று அனுமதி கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்னும் இரண்டு பாக்கி ஏறியிருக்கும், அவ்வளவுதான்.

இதற்கு முந்தைய வருடம் இதே வழியில் உயர்ந்து வந்த முதல் கிளப் பஞ்சாப். அதே விதி, அதே எண்ணிக்கை. 12 அணிகளில் 8-வது இடத்தில் முடித்தது. நிர்வாகம் ஒழுங்காக இருந்தால், சமமான விதியிலும் புதியவன் காலூன்ற முடியும் என்பதற்கு இது சாட்சி.

வேறு நாடுகள் என்ன செய்தன?

1993-ல் ஜப்பான் தன் ஜே லீக்கைத் தொடங்கியது. 10 கிளப்புகள். அங்கேயும் பிரேசிலின் ஜிகோ, இங்கிலாந்தின் லினேக்கர் என்று பெரிய பெயர்கள் வந்தன. ஆனால் வெளிநாட்டவர் கொஞ்சம் பேர், உள்ளூர்ப் பையன்கள் பெரும்பான்மை என்ற கணக்கைத் தொடக்கத்திலிருந்தே கைவிடவில்லை. ஜிகோ சேர்ந்த காஷிமா, ஓர் இரும்பாலையின் அணியாக இருந்தது. அவர் உதவியால் பெரிய கிளப்பாக வளர்ந்தது. 1998-ல் ஜப்பான் முதல் முறையாக உலகக் கோப்பைக்குப் போனது. அதற்குப் பிறகு ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

அமெரிக்காவின் எம்.எல்.எஸ். லீக்கில் புதிய கிளப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. அங்கே ஒரு கிளப்புக்கு 8 வெளிநாட்டவர் இடம் என்பது 2008 முதல் அடிப்படைக் கணக்கு. பழையவனுக்கும் 8, புதியவனுக்கும் 8. தேவைப்படாதவன் தன் இடத்தை அடுத்த கிளப்புக்கு விற்கலாம். புதிய கிளப்புக்கு உதவி வேறு வழியில் வருகிறது. பழைய கிளப்புகள் காப்பாற்றி வைக்காத ஆட்டக்காரர்களிலிருந்து தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைக்கிறது. லீக்கின் பொதுப் பணத்திலிருந்து ஒரு பங்கு கிடைக்கிறது.

அவ்வளவு தூரம் ஏன்? இங்கேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2017-ல் ஜாம்ஷெட்பூர் என்ற புதிய கிளப் சூப்பர் லீக்கில் நுழைந்தது. அந்த வருட ஆட்டக்காரர் தேர்வில் முதல் ஆளாக யாரை எடுத்தார்கள் தெரியுமா? மலப்புரம் மாவட்டம் கொண்டோட்டியைச் சேர்ந்த தற்காப்பு வீரர் அனஸ் எடத்தொடிகாவை! விலை 1 கோடியே 10 லட்சம். புதிய கிளப்புக்கு உதவி கிடைத்தது. நம் நாட்டு ஆட்டக்காரனுக்கு மதிப்பும் கிடைத்தது. யார் இடமும் பறிபோகவில்லை. நியாயமான சலுகை என்றால் இதுதான்.

"ஆசியாவே வரம்பை எடுத்துவிட்டதே?"

இப்படி ஒரு கேள்வி எழுகிறது. உண்மைதான். ஆசியக் கூட்டமைப்பு 2023-24-ல் '5+1' என்று உயர்த்தியது. 2024-25 முதல் தன் முதல்நிலைப் போட்டியில் வரம்பையே எடுத்துவிட்டது. ஐரோப்பாவிலும் 1995-ல் வந்த போஸ்மன் தீர்ப்பு, ஐரோப்பிய ஒன்றியத்து ஆட்டக்காரர்களுக்கான எண்ணிக்கை வரம்பை உடைத்தது.

ஆனால் இவற்றை நம் நிலையோடு ஒப்பிட முடியாது. போஸ்மன் தீர்ப்பால் பயன்பெற்றவர்கள் ஒரே ஒன்றியத்துக்குள் வேலை தேடிப் போகும் உரிமை பெற்றவர்கள். பெல்ஜியப் பையனின் இடத்துக்கு டச்சுக்காரன் வந்தால், பெல்ஜியப் பையன் பிரான்சுக்குப் போகலாம். நம் பையனுக்கு இங்கே இடம் போனால் போக வேறு நாடு எது? ஆசியப் போட்டியில் ஆடுவது ஒவ்வொரு நாட்டிலும் மேலே வந்துவிட்ட ஒரு சில கிளப்புகள். உள்ளூர் லீக்கின் வேலை பையன்களை வளர்ப்பது. அங்கே உள்ள விதியை இங்கே அப்படியே ஒட்டுவது, மொத்த மார்க்கெட் விதியைத் தள்ளுவண்டிக்காரன் மீது திணிப்பதற்குச் சமம்.

நாம் கேட்பது என்ன?

1. களத்தில் இறங்கும் வெளிநாட்டவர் எண்ணிக்கை பழைய கிளப், புதிய கிளப், பணம் கொடுத்து வந்த கிளப், ஜெயித்து உயர்ந்த கிளப் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

2. புதிய கிளப்புக்கு இந்திய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை கொடுங்கள். பெரிய கிளப்புகளில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் 20 வயதுப் பையன்களை ஒரு வருடத்துக்குக் கடனாக அனுப்பட்டும். சம்பளத்தில் பாதியைப் பெரிய கிளப்பே ஏற்கட்டும்.

3. கீழ் லீக்கிலிருந்து உயர்ந்து வரும் கிளப்புக்கு முதல் இரண்டு வருடம் பொதுப் பணத்தில் கூடுதல் பங்கு கொடுங்கள். அந்தப் பணம் ஆட்டக்காரர் சம்பளத்துக்கு மட்டுமே போக வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள்.

4. ஓர் ஆட்டக்காரருக்குக் காயம் ஏற்பட்டால் பதிவுப் பட்டியலில் ஒரு வெளிநாட்டவர் கூடுதலாக இருக்கலாம் என்று புதிய கிளப்புக்கு விட்டுக்கொடுத்தாலும், அது இரண்டு வருடத்தோடு முடிய வேண்டும். முடியும் தேதி முதல் நாளே எழுதப்பட வேண்டும். தேதி இல்லாத சலுகை சீக்கிரமே உரிமை ஆகிவிடும்.

5. விதிகளைத் தெளிவாக எழுதுங்கள். 2024-25 ஐ லீக்கில் சர்ச்சில் பிரதர்ஸ்தான் சாம்பியன் என்று அறிவித்த பிறகு, வழக்கு சுவிட்சர்லாந்திலுள்ள விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய், 2025 ஜூலையில் இன்டர் காசி சாம்பியன் ஆனது. வழக்கில் ஒன்று, வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரை மறுபடி பதிவு செய்தது சரியா என்பதைப் பற்றியது. மைதானத்தில் முடிய வேண்டிய பட்டம் வக்கீல் அலுவலகத்தில் முடிந்தது. விதியைத் தெளிவாக எழுதியிருந்தால் இந்த அவமானம் எதற்கு?

இளைஞர்களே! வியாபாரப் பெருமக்களே!

இந்த விஷயத்தில் நமக்கு வேலை இருக்கிறது. ஊருக்கு ஊர் கால்பந்துக் குழுக்கள் நடத்துகிறோம். கோப்பைக்கு நன்கொடை கொடுப்பவர்கள் நம் கடைக்காரர்கள்தான். பந்தயத்துக்கு வெளியாரைக் கூலிக்குக் கொண்டுவந்து ஜெயித்து, சொந்த ஊர்ப் பையனை எல்லைக் கோட்டுக்கு வெளியே உட்கார வைக்கும் பழக்கம் நம் ஊர்களிலும் வந்துவிட்டது. நன்கொடை கொடுப்பவர் ஒரு நிபந்தனை வைக்கலாம்: "வெளியாரை அழைத்து வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் களத்தில் பாதிக்கு மேல் நம் ஊர்ப் பையன்கள் நிற்க வேண்டும். கோல் அடிக்கும் இடத்தில் ஒருவனாவது நிற்க வேண்டும்." இந்த ஒரு நிபந்தனையை அடுத்த பந்தய நோட்டீசிலேயே அச்சடிக்கலாம்.

மேலே டெல்லியில் இருப்பவர்களிடம் நியாயம் கேட்கும் நாம், நம் தெரு மைதானத்தில் அந்த நியாயத்தை முதலில் நடத்திக் காட்ட வேண்டும். புதியவனை வரவேற்போம். அவனுக்குக் கடன் கொடுப்போம், ஆள் கொடுப்போம், அவகாசம் கொடுப்போம். படிக்கல்லை மட்டும் மாற்ற விடமாட்டோம்.